எட்டு விரல் வாத்தியார்

மகள், தானா ராத்தா என்ற மலையூரின் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தாள். எஸ்டேட்டிலிருந்து அவளைப் பார்க்கப் பஸ்ஸில் போனபோது பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மூன்றே விரல். இருக்கும் விரல்களை ஓயாமல் மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தார்.

மகளுக்காக முருகன் கோயிலை நூற்றெட்டு முறை சுற்ற நேர்ந்துகொண்டிருப்பதைச் சொன்னேன். "ஒன்பதால எதைப் பெருக்கினாலும், இலக்கத்தைக் கூட்டிக்கிட்டே போனா ஒன்பதுலதான் நிக்கும். நூத்தெட்டும் அப்படித்தான். அது சாமி நம்பர் சார்" என்றேன்.

சிரித்தார். "பத்து விரல்ல எண்ணுறதால அப்படி லா. நான் எட்டு எட்டாத்தான் கட்டுவேன். ரெண்டு ஏழு பதினாலு. ஒரு எட்டு, மிச்சம் ஆறு. கூட்டுங்க, ஏழு. மூவேழு இருபத்தொண்ணு. ரெண்டு எட்டு, மிச்சம் அஞ்சு. அதுவும் ஏழு. என் கையில ஏழுதான் சாமி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புள்ள உசுருக்குக் கெடக்குது, உங்களுக்குக் கணக்கு வெளையாட்டா?" என்று எழுந்துபோய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் கோயிலைச் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று முருகன் முகம் வரவில்லை, அந்த மூன்று விரல் கைதான் வந்தது. பாவி மனுஷன்!

மகள் பிழைத்து வீடு வந்தாள். அவர் மேல் கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை. பன்னிரு கை முருகனுக்கு அறுபது விரல். என் நூற்றெட்டை அவன் எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டான்?