காஷ்மீரக் கவிஞரும் என் மாமியாரும்

மகளின் பள்ளியில் மொழிகள் தினம். யுகேஜி பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஓர் இந்திய மொழிக் கவிஞரைப்போல் உடுத்திக்கொண்டு நான்கு வாக்கியம் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்குக் காஷ்மீரி வந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண் கவிஞர்.

எதையும் முழுதாகப் படித்துவிடுவது என் வழக்கம். இந்த முறை படிக்காமலே இருந்திருக்கலாம். அவர் வீட்டை விட்டு வெளியேறி, உடையையும் துறந்து, நான்கு நான்கு அடிகளாகப் பாடிக்கொண்டே ஊர் ஊராகத் திரிந்தவராம். மாறுவேடத்துக்கு நான் என்ன செய்வேன்? பயந்துபோய் ஆசிரியைக்குப் போன் செய்தேன்.

"காஷ்மீர்தானே மேடம், ஸ்வெட்டர் போட்டு அனுப்பிடுங்க" என்றார்.

கவிஞர் வீட்டை விட்டுப் போன காரணம் அதைவிடச் சங்கடம். மாமியார் அவருடைய தட்டில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் மெல்லிசாகச் சோற்றைப் பரப்பித் தருவாராம். பார்ப்பவர்களுக்குத் தட்டு நிறைந்திருக்கும். மருமகள் ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டுவிட்டுக் கல்லையும் கழுவி வைத்துவிடுவாராம்.

என் மாமியார் மூன்று வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். பேத்தியின் காஷ்மீர அங்கிக்காகத் தன் புது நைட்டியையே வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். நான் மகளின் பேச்சிலிருந்து கல்லை எடுத்துவிட்டு, "அவருக்கு வீட்டில் சில சிரமங்கள் இருந்தன" என்று எழுதினேன்.

"என்ன சிரமம்?" என்றாள் மகள்.

பிள்ளைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். சொல்லிவிட்டேன். பாட்டியும் பார்க்க வருவார், மேடையில் மட்டும் சொல்லாதே என்றேன்.

மேடையில் இரண்டு வாக்கியம் ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். தமிழில் பேசியிருந்தாலாவது தப்பித்திருப்பேன்; இந்த ஊரில் எல்லோருக்கும் புரிகிற கன்னடத்தில் சொன்னாள்: "அவங்க மாமியார் தட்டுல கல்லு வெச்சு மேலே சோறு போட்டாங்க. இதை இங்கே சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. ஏன்னா பாட்டி முன்னாடியே உக்காந்திருக்காங்க."

அரங்கமே திரும்பி மாமியாரைப் பார்த்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஆட்டோவில் எங்கள் விஜயநகர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தம்மா ஒரு நாள்கூட இது என்ன கல்லுன்னு கேக்கலையா? சும்னே, வாயே தொறக்காம கழுவி வெச்சாளா?"

"ஆமா அத்தை."

"அதான் தப்பு. நீயும் அதே ஜாதி. மனசுல இருக்கறதை அஞ்சு வயசுப் புள்ளைகிட்ட சொல்ற, எங்கிட்ட சொல்ல மாட்டே. நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்? ஏதாவது இருந்தா நேரா சொல்லு."

அவர் மனதார அழைத்ததுபோல்தான் இருந்தது. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சாம்பார்ல வெல்லம் போடறீங்களே அத்தை, அதைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?"

அவர் மறுபடி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அன்றைக்கெல்லாம் மருகினேன்.

மறுநாள் எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் வெல்லம் போடாத சாம்பார் வந்தது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. வெல்லம் இல்லாமல் அது நன்றாகவே இல்லை. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.