மாற்று ஓடுகள்

மாட்டுக்கொட்டகைக்குப் புது ஓடு போட்ட கொத்தனார், மீந்த ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எருமப்பட்டிப் பக்கத்து எங்கள் தேவாலயம் நினைவுக்கு வந்தது.

என் சின்ன வயதில், சபையிலிருந்த பணத்தில் மணி வாங்குவதா, பிற்காலத்துக்கு மாற்று ஓடுகள் வாங்கி வைப்பதா என்று கூட்டம். அப்பா ஓடு என்றார். அம்மா எழுந்துவிட்டாள். “ஒடையாத ஓட்டுக்கு மாத்து எதுக்குங்க? மணியில்லாத கோயிலுக்கு யாருங்க வருவாங்க?”

கடைசியில் ஓடுதான் வாங்கினார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அந்த அடுக்கைக் கடக்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த ஐப்பசியில் அடித்த சூறைக்காற்று, தெருவிலிருந்த ஓலைக்கூரைகளை எல்லாம் பிய்த்தெறிந்தது. தேவாலயத்திலும் ஒரு பக்கத்து ஓடுகள் நொறுங்கின. அப்பாவும் மற்றவர்களும் அன்றைக்கே மாற்று ஓடுகளைப் போட்டுவிட்டார்கள். வீடுகளை மறுபடி வேயும்வரை தெருவே தேவாலயத்துக்குள்தான் குடியிருந்தது. வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நனைந்த புது ஓட்டின் மண்வாசனை மட்டும் வந்தது. தங்கையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

“ஓடு நல்லாத்தானுங்க இருக்குது,” என்றாள் அப்பாவிடம். “ஆனா மணியும் வாங்கியிருக்கோணுமுங்க.”

மீந்ததை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கொத்தனார் கேட்டார். கொல்லையிலேயே அடுக்கி வைக்கச் சொன்னேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.