வருமானம் இல்லை என்று எழுதாத குற்றம்

அந்த நோட்டீஸின் ஓரத்தில் ரசம் சிந்திக் காய்ந்திருந்தது. யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, தென்காசியில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். சித்திரை வெயிலில் குற்றாலத்திலிருந்து நடந்தே வந்து, முந்தானையில் முடிந்திருந்த காகிதத்தை என் மேஜைமேல் விரித்தாள் கிளப்புக்கடை அக்கா. சாப்பாட்டுக் கடையை அப்போது கிளப்பு என்போம். "இதென்னன்னு பாருங்க தம்பி. தபால்காரர் கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு நெஞ்சு படபடங்குது" என்றாள். இங்கிலீஷில் அச்சடித்த வருமான வரி நோட்டீஸ் அது. போன வருஷம் என்ன சம்பாதித்தாய், கூடவிருக்கும் பாரத்தை நிரப்பி முப்பது நாளைக்குள் அனுப்பு என்பதுதான் சாரம். நான் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "ஒங்களுக்கு ஏதுக்கா இன்கம்டாக்ஸ்? அது பெரிய வியாபாரிகளுக்கு. வருமானம் இருந்தால்லா எழுதணும்? சும்மா போட்டு வையுங்க" என்றேன். என்னவோ நான் உயிரைக் காப்பாற்றிவிட்டதுபோலக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் சொன்னதில் பாதி உண்மை. அவளுக்கு வரி கிடையாது. புருஷனுக்குக் கண் பார்வை போனபின் அந்தக் கடையை அவள் ஒருத்தியாகத்தான் நடத்தினாள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் சாரல் அடிக்கும். அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டம் சுடுசோற்றுக்கு முண்டியடிக்கும். மூன்று மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் அடுப்பு எரிய வேண்டும், கடை வாடகை கொடுக்க வேண்டும், புருஷனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். மாசி பங்குனியில் அருவிப் பாறையே காய்ந்து கிடக்கும்போது யார் அங்கே வந்து சாப்பிடுவார்கள்? வரி போடும் வரம்புக்குப் பக்கத்தில்கூட அவள் வருமானம் வராது. மற்றப் பாதிதான் எனக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் வந்துவிட்டால், வரி இல்லாதவனும் "வரி இல்லை" என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அதிகாரி தன் புத்திக்கு எட்டியபடி ஒரு தொகையைத் தீர்மானித்துக்கொள்ளலாம். புத்தி எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை.

அந்த ஆடியில் அதிகாரி குற்றாலத்தில் கேம்ப் போட்டார். சாரல் காலம் வந்தால் எல்லா அதிகாரிகளுக்கும் குற்றாலத்தில் ஏதாவது அவசர வேலை முளைக்கும். இலஞ்சிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவரின் பங்களாவில் தங்கினார். ஆடி அமாவாசை அன்று அவருடைய பியூன் அக்காவின் கடைக்குப் பின்னாலுள்ள குப்பைக் குழியில் குச்சியை வைத்துக்கொண்டு எச்சில் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். "எதையும் தொலைச்சிட்டியளா அய்யா?" என்று கேட்டு, அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறும் போட்டிருக்கிறாள் இந்தப் பாவி மனுஷி. காசு வாங்கவில்லை. அவர் தின்ற இலையையும் சேர்த்தே எண்ணியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. அமாவாசைக் கூட்டத்தின் இலைக் கணக்கை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கியிருந்தார்கள். குற்றாலத்தில் வருஷம் முழுக்க ஆடி அமாவாசை! படித்த மனிதன், அதே சாரலில் நனைந்தவன், கூச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தான். தொகையை நான் வாசித்துச் சொன்னபோது அக்கா, "இன்னொருக்க வாசிங்க தம்பி" என்றாள். மூன்று தடவை வாசித்தேன்.

திருநெல்வேலிக்கு ரயிலேறிப் போய் அதிகாரியைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. தகுந்த காரணம் காட்டினால் அந்த உத்தரவை அவரே ரத்துசெய்து மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. எழுத வேண்டாம் என்று நான் சொன்னதுதான் அந்தக் காரணம். கிளம்பும்போது வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆபீஸ் பேரை அங்கன இழுக்காதேயும் வேய். இழுத்தீரோ, மறுநாள் இங்கன வராதேயும்" என்றார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம்.

அக்கா கைகட்டி நின்று பேசினாள். "அய்யா, பங்குனியில ஒரு நா வந்து எண்ணிப் பாருங்க. நானும் எங்க வீட்டுக்காரரும் தின்ன ரெண்டு எலைதான் கெடக்கும்." அதிகாரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நோட்டீஸ் வந்தப்பவே இதை எழுதியிருக்கணும். இல்லைன்னா இல்லைன்னு எழுதணும். எழுதலைன்னா இருக்குன்னுதான் நான் எடுத்துக்கணும். எழுத வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். கேட்டே விட்டார்! அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தோம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வாயில் கொழுக்கட்டை. அவள் அதிகாரியின் பக்கம் திரும்பி, "யாரும் சொல்லல அய்யா. எனக்குத்தான் வெவரம் பத்தல" என்றாள். மனு தள்ளுபடி ஆயிற்று.

தை மாதம் ஜப்திக்கு வந்தார்கள். வார்ப்பு, அண்டா, தவலை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது, "செத்தப் பொறுங்க, கரியோட கொண்டு போவாதிய" என்று சொல்லி, வாசலில் உட்கார்ந்து அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். அவர்களும் நின்று வாங்கிக்கொண்டார்கள். பாத்திரம் போனபின் கிளப்பு ஏது? கடை மூடிற்று. அதே பண்ணையார் பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

அந்தப் பண்ணையாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இரண்டு போகம் விளைகிற நஞ்சை, கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோப்பு. வருமான வரி ஒரு சல்லிக்காசு கிடையாது, ஏனென்றால் விவசாய வருமானத்துக்கு அந்த வரி இல்லை. நிலத்துக்குத் தீர்வை கட்டினால் போதும். சட்டப்படி அவர் சுத்தமான மனிதர். அடுத்த சாரலில் அதே அதிகாரி அதே பங்களாவில் அக்கா கைச் சோற்றைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டுப் போனார். யார் சமைத்தது என்று அவர் கேட்கவில்லையாம். இதையெல்லாம் நியாயம் என்று சொல்லிச் சட்டப் புஸ்தகத்தை என் முன்னால் இன்றைக்கு யாராவது நீட்டினால், அதைத் தூக்கி அவன் தலையிலேயே போடுவேன். ஆனால் அந்தத் திருநெல்வேலி அறையில் வாயைத் திறக்காதவனும் நான்தானே?

கடை போன பிறகு வந்த சித்திரையில் அக்கா மறுபடி என் மேஜைக்கு வந்தாள். கையில் நோட்டீஸ் எதுவும் இல்லை. "சமையல் கூலி எவ்வளவுன்னு எழுதுங்க. வேற வருமானம் ஒண்ணுமில்லன்னும் இங்கிலீசுல எழுதிக் குடுங்க தம்பி. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருதேன்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த சித்திரையிலும் வந்தாள், அதற்கடுத்த சித்திரையிலும் வந்தாள். யாரும் கேட்காத கணக்கை, கூலிக் காசில் தபால் செலவு செய்து, வருஷம் தவறாமல் அனுப்பினாள். யுத்தம் முடியப்போகிற சமயம், அரிசிக்கே ஆலாய்ப் பறந்த காலம். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நோட்டீஸ் வந்தாத்தான் எழுதணும். ஒங்களுக்கு வரி கெடையாது. இனிமே ஒண்ணும் எழுத வேண்டாம், சும்மா இருங்க" என்றேன்.

அத்தனை வருஷத்தில் அவள் நடந்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் கோபமாகப் பேசவில்லை. தபாலுக்கு வைத்திருந்த சில்லறையை மேஜைமேல் வைத்தாள்.

"அன்னைக்கும் இதத்தான் தம்பி சொன்னிய" என்றாள்.

நான் பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தேன்.