அம்மா தொடாத பிரேக்

எங்கள் ஊரில் காருக்கு அடியில் படுத்துக் கிடந்த முதல் பெண் என் அம்மாதான். இதை இப்போது நான் பெருமையாகச் சொல்கிறேன். அப்போது ஊரில் ஒருத்தரும் பெருமையாகச் சொல்லவில்லை. நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, அவள் எஞ்சின் ஆயிலை வடிப்பதைப் பார்க்க வேலைவெட்டி இல்லாத நாலு பேராவது தெருவில் நின்றுவிடுவார்கள். ‘இன்னாம்மா, வூட்டுல ஆம்பள இல்லியா?’ என்று ஒருத்தர் கேட்டார். ‘கீறாரே! உள்ள சோறு வடிச்சிக்கினு கீறாரு’ என்று அடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அப்பா அன்றைக்கு உண்மையிலேயே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் கார் வைத்திருக்கிற ஜாதி இல்லை. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் டிராக்டர் வைத்திருந்தவர்களே கார் வாங்க யோசித்தார்கள். ஆனால் தம்பி பிறக்கும்போதே அவனுடைய இரண்டு பாதங்களும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. வாராவாரம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாவுக்கட்டு மாற்ற வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் நிமிர்ந்த பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெண்டு பஸ் மாறி, கட்டுப் போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அப்பா ஒரகடம் கம்பெனியில் லோன் போட்டு ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். மூன்று பேர் ஓட்டித் தள்ளிவிட்ட கார். ஓட்டக் கற்றுக்கொண்டது அம்மா.

லோன் போக மிஞ்சுவதில் மாசாமாசம் மெக்கானிக்குக்கு எங்கே அழுவது? அதனால் அம்மா கார் வேலைகளை இரண்டாகப் பிரித்தாள். அவள் பிரித்த விதம்தான் விசேஷம். எது சுலபம், எது கஷ்டம் என்று பிரிக்கவில்லை. எதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்றும் பிரிக்கவில்லை. ‘தப்பாப் பண்ணா வண்டி நின்னுடும்னா அத்த நாம பண்லாம். தப்பாப் பண்ணா வண்டி நிக்காதுன்னா, அத்தத் தெரிஞ்சவன் பண்ணணும்’ என்பாள். அவ்வளவுதான் சட்டம். ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, வைப்பர், பல்பு எல்லாம் அவள் கை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் மெக்கானிக் கை. பஞ்சரானால் ஸ்டெப்னியைத் தானே மாற்றுவாள். ஆனால் வழியில் வருகிற முதல் கடையில் நிறுத்தி, ‘நெட்டு டைட்டா கீதா, ஒரு வாட்டி பாருப்பா’ என்று கேட்காமல் மேலே போகமாட்டாள். வைப்பர் ரப்பருக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவள், பிரேக் சாமானுக்கு வாயே திறக்காமல் கேட்டதைக் கொடுப்பாள். இந்த வீறாப்பு எதற்கு என்று ஒன்பது வயது எனக்குப் புரியவில்லை.

ஒருமுறை பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்தில் கிரீச்சென்று சத்தம் வர ஆரம்பித்தது. உத்திரமேரூர் மெக்கானிக் பார்த்துவிட்டு, பிரேக் பேட் தேய்ந்து போச்சு, மாற்ற வேண்டும் என்றார். அம்மா புதுசு வாங்கி டிக்கியில் போட்டாள். ஆனால் அவர் வீட்டில் கல்யாணம். மூன்று நாள் கடை கிடையாது. நடுவில் சனிக்கிழமை, தம்பிக்குக் கட்டு மாற்றும் நாள். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரவே மாட்டார். மிக்சியைப் பிரிப்பார், மோட்டாரைக் கழற்றுவார், எல்லாம் ஓடும். நான் அவருடைய பரம ரசிகை. விஷயம் தெரிந்ததும் சிரித்தார். ‘ஏன்க்கா, இதுக்கா கொயந்தைய பஸ்ஸுல இட்டும்போற? அர மணி நேர வேல. தெனிக்கும் இரும்போடதான் கீறேன்.’

‘நீ இரும்பப் பாத்தவன்டா. பிரேக்கப் பாத்தவன் இல்ல’ என்றாள் அம்மா.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மா தம்பிக்குக் கட்டு நனையாமல் உடம்பைத் துடைத்து, இட்லி ஊட்டி முடிப்பதற்குள், ஜாக்கி போட்டு இரண்டு முன்சக்கரத்திலும் புது பேட் மாட்டிவிட்டார். ‘முடிஞ்சிது, ஏறு’ என்றார்.

அம்மா அவரைத் திட்டவில்லை. சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை ஒரு மிதி மிதித்தாள். பெடல் தடுப்பே இல்லாமல் அடிவரைக்கும் போய்விட்டது. அம்மாவின் முகம் வெளுத்தது. ‘பேட் மாத்துனா அப்டித்தாங்க்கா, நாலு வாட்டி மிதிச்சா ஏறிக்கும்’ என்று மாமா எட்டிக் கையாலேயே அமுக்கிக் காட்டினார். ஏறிக்கொண்டது. கல் மாதிரி நின்றது. அம்மா இறங்கி, கதவைச் சாத்தி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! வேலை முடிந்து, வண்டி தயாராக நிற்கிறது, இவள் பஸ்ஸில் போகிறாளாம். சாமி படத்துக்குப் பின்னால் இன்னொரு சாவி தொங்கியது. அதை எடுத்து மாமாவிடம் கொடுத்தது நான்தான். மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘வா, உங்கம்மாவுக்கு முன்னாடி போயி நிப்போம்’ என்றார்.

என்ன ஒரு பயணம் அது! முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரை வளைவில் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை வந்தது. மாமா மிதித்தார்; கார் சத்தமே இல்லாமல் நின்றது. நான் கைதட்டினேன். வழியில் அம்மாவின் பஸ்ஸை முந்தியபோது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன், அவளுக்குக் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் காத்திருந்தோம். கூட்டத்தில் நசுங்கி, தலை கலைந்து, தம்பியோடு அம்மா வெளியே வந்தாள். நான் காருக்குள்ளிருந்து கையை ஆட்டினேன். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அடுத்த நொடி, அவள் தரையில் இறக்கிவிட்டு நான் பார்த்தேயிராத தம்பியைக் கையிலிருந்த பைமேல் உட்காரவைத்துவிட்டு, ஓடிவந்து கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்துப் பளாரென்று ஒன்று வைத்தாள். அதுவரை என்னை அவள் அடித்ததே இல்லை. அடித்த கையாலேயே என் தலை, தோள், முட்டி எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். அடித்ததே நீதானே, எங்கே பட்டது என்று வேறு தேடுகிறாயா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கட்டு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியதும், அம்மா மாமாவிடம் பக்கத்தில் இருக்கிற ஒரு ஷெட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். ஓட்டிக்கொண்டு இல்லை, தள்ளிக்கொண்டு. மாமா முறைத்துக்கொண்டே தள்ளினார். அங்கிருந்த மெக்கானிக் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, டார்ச் அடித்து, நிதானமாகப் பார்த்தார்.

‘யார்க்கா மாட்னது? ஷோக்கா மாட்டிக்கீறாங்க. ஒரு கொறையும் இல்ல.’

‘நல்லாப் பாத்தியாப்பா? இதுல வந்தவங்களுக்கு ஒன்னும் ஆயிருக்காதுதான?’ என்று அம்மா கேட்டாள்.

‘ஒன்னும் ஆயிருக்காதுக்கா. தெகிரியமா எடுத்துக்கினு போங்க.’

மாமா வெற்றி வீரராக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அம்மா அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. என்னைக் கிட்டே இழுத்து, மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொந்தத் தம்பியிடம், அதுவும் ஊரான் முன்னால், தோற்றுப்போவது லேசா என்ன? கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு, அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

‘வுடும்மா, அடுத்த வாட்டி நீ ஜெயிப்ப’ என்றேன்.