சோற்றுப் படம்

ஜாசின் ஊரில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள் சுசீலா. ஒரே மகள் கலைமகள், ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். அதை ஒரு குறையாகக் கண்டுபிடித்துச் சொல்ல உறவுக்காரர்களுக்கா பஞ்சம்!

அவர்களில் முதல் ஆள் கணவனின் பெரியப்பா கணேசமூர்த்தி, கோயில் கமிட்டிக்காரர். "பெரியவங்க கேட்டா பதில் சொல்லத் தெரியலயே. என்னா வளர்ப்புலா இது?" என்பார், வாயில் வடையோடு.

புக்கிட் பெருவாங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு மையத்தில் ரோஸ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது வேறு. பசித்தால் சோற்றுப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளை அழகாகக் கொடுத்தாள். ஆனால் படம் நீட்டும் பிள்ளை நாலு பேர் முன்னால் கௌரவக் குறைச்சலாம். சுசீலாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படங்களைக் கைப்பையின் அடியில் திணித்துவிட்டு வேறு பாடம் தொடங்கினாள். நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது 'சாப்டியா?'தானே. வயிறு காய்ந்தாலும் 'சாப்டேன்' என்பதுதானே மரியாதை. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதையே சொல்லவைத்தாள்.

அலோர் காஜாவில் ஒரு நிச்சயதார்த்தம். காலையில் மண்டபத்து வாசலிலேயே கணேசமூர்த்தி கேட்டார். "சாப்டியாம்மா?"

"சாப்டேன் தாத்தா. நீங்க?"

எல்லோரும் கைதட்டினார்கள். சுசீலா பூரித்துப்போய், மகளை உறவுக்காரர்களிடம் விட்டுவிட்டுச் சீர்த்தட்டு அடுக்கப் போனாள். அவர்களும் பொறுப்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், பதிலை ரசித்தார்கள், தங்கள் தட்டை நிரப்பிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு ஒரு பிடி சோறு போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள்தான் சாப்பிட்டுவிட்டாளே!

சுசீலா திரும்பி வந்தபோது கலைமகள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா? சாப்டியா?"

"சாப்டேன்," என்று விம்மினாள் பிள்ளை.

பசி என்று சொல்லத் தெரிந்திருந்த பிள்ளையை, இந்தக் கூட்டத்தின் கைதட்டலுக்காக ஊமையாக்கியவள் சுசீலாதான். கைப்பையைக் கவிழ்த்தாள். கலைமகள் சோற்றுப் படத்தைப் பாய்ந்து எடுத்து, பிரியாணியோடு வந்த கணேசமூர்த்தியின் கையில் திணித்தாள்.

"என்னாம்மா இது, இத்தனை பேர் முன்னால?"

"பதில் மாமா. காலையிலேருந்து கேட்டீங்கள்ல?"

சுசீலா அவர் கையிலிருந்த தட்டை வாங்கி மகள் முன்னால் வைத்தாள்.