கோப்புக்கு மூன்றாவது பெயர்

பிளோவ்திவ் நகருக்கு வெளியே கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில், ருமியானா கோஸ்தோவா பத்தொன்பது வருஷமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்தார்கள். இப்போது முந்நூற்று எண்பது பேர். ஏறக்குறைய எல்லோருமே அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுந்தவர்கள். ஆனாலும் அவள் அறைக் கதவில் 'பணியாளர் எழுத்தர்' என்ற பழைய பலகைதான் தொங்கியது. மாற்ற வேண்டும் என்று மேலே இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு எதுதான் தானாகத் தோன்றியிருக்கிறது?

அவளுடைய மேசை இழுப்பறையில் ஏழு நிற வயர்களின் சிக்கல் ஒன்று கிடக்கும். வேலை கேட்டு வருகிறவரிடம் அதைக் கொடுத்து, "பிரிச்சுக்கிட்டே பேசுங்க" என்பாள். சான்றிதழ் எல்லாம் பிறகுதான். எரிச்சலில் வெடுக்கென்று இழுப்பவரை நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவாள். டோன்கா அப்படித்தான் உள்ளே வந்தாள். புகையிலைக் கிடங்கை மூடியதும் வேலை தேடி அலைந்தவள். சிறு வயதில் ஊசியில் புகையிலை கோத்த விரல்கள், ஐந்து நிமிஷத்தில் சிக்கலைப் பிரித்துப் போட்டன.

"நான் எட்டாவதோட நின்னவக்கா" என்று டோன்கா தலை குனிந்துகொண்டாள்.

"வயர் உன் படிப்பையா கேட்குது? திங்கட்கிழமை வந்துரு."

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு கொட்டிவைத்திருந்த அறையைக் காலி செய்து, ருமியானா அதைப் பயிற்சி அறையாக்கினாள். அங்கே படித்து மேலே வந்த பதினான்கு பேரில் டோன்காவும் ஒருத்தி. இப்போது அவள் கீழே அறுபது பேர் வேலை செய்கிறார்கள்.

அந்த வசந்தத்தில் கம்பெனிக்கு யோகம் அடித்தது. முதலாளிகளான ஜெர்மன்காரர்கள் இரண்டாவது கட்டடம் கட்டச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் இருநூறு பேர் வேண்டும், பணியாளர் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றார்கள். இயக்குநர் வெலிச்கோவ் ருமியானாவைக் கூப்பிட்டார்.

"அந்த நாற்காலி உனக்குத்தான், வேற யாருக்கு? ஆனா கோப்புல மூணு பேர் இருக்கணுமாம். உன் பேரை எழுதிட்டு இன்னும் ரெண்டு பேரைப் பிடி. ஏனோதானோன்னு பிடிச்சுடாதே, நாடகம்னு ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சுடுவான்."

"ஏனோதானோன்னு நான் எப்பவாவது ஆள் பிடிச்சிருக்கேனா?" என்று ருமியானா கேட்டாள்.

அங்கேதான் வினை. ஒப்புக்கு இரண்டு பேரைத் தேடச் சொன்னால், வேறொருத்தியாக இருந்தால் ஒப்புக்குத் தேடியிருப்பாள். இவளுக்கு அது கைவராது. இரண்டாவது ஆள் சுமார்தான். மூன்றாவதாகத் தலைநகர் சோபியாவிலிருந்து ஸ்திலியான் என்பவன் வந்தான். முப்பத்தொரு வயது, இரண்டு பட்டம், சரளமான ஜெர்மன். வயர்ச் சிக்கலைப் பிரித்தான். பிரித்ததோடு விடாமல், நிறவாரியாக அடுக்கிக் கட்டி அவள் பக்கம் நகர்த்தினான். பத்தொன்பது வருஷத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. ருமியானாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. நல்ல ஆளைக் கண்டால் அவளுக்குத் தன்னையே மறந்துவிடும். மதிப்பீட்டுத் தாளில் முழு மதிப்பெண் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதினாள்: 'இப்படி ஓர் ஆளை நாம் விட்டுவிடக் கூடாது.' புதுக் கட்டடத்தில் தனக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அறிவிப்பு திங்கட்கிழமை. எங்கள் பக்கம் நல்லது நடந்தவர்தான் சாக்லேட் பெட்டியை நீட்ட வேண்டும்: பிள்ளை பிறந்தாலும், பதவி வந்தாலும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும். எடுத்துக்கொள்கிறவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். ருமியானா ஞாயிற்றுக்கிழமையே கொட்டைப் பருப்பு வைத்த சாக்லேட்டில் பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கிவிட்டாள்.

காலையில் வெலிச்கோவ் அவளைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தப்பட்டதிலேயே அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"ஜெர்மன்காரங்க உன் தாளைப் படிச்சாங்க. அந்தக் கடைசி வரி அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"நாற்காலி எனக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். இல்லைங்கல. ஆனா விட்டுடக் கூடாதுன்னு எழுதுனது நீதானே, ருமியானா? உன் வாக்கை நான் என்னைக்கு மீறியிருக்கேன்?" வெட்கமே இல்லாமல் அதைச் சொன்னார். "அவனுக்கு இங்க நெளிவுசுளிவு தெரியாது. ஆறு மாசம் கூட இருந்து கத்துக்கொடு. உன்னை மாதிரி யாரால முடியும்?"

அவள் எழுந்து வந்தாள். ஆள் எடுப்பதில் அவளுக்குக் கை தவறியதே இல்லை. இந்தத் தடவையும் தவறவில்லை.

அறை வாசலில் டோன்கா பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கேக்கா பெட்டி? காலையில இருந்து டீகூடக் குடிக்காம வாயைக் காயப்போட்டு நிக்கிறோம்!"

ருமியானாவின் பின்னாலேயே ஸ்திலியான் வந்துகொண்டிருந்தான். கழுத்தில் புது அடையாள அட்டை, வெறும் கை. ருமியானா பையைத் திறந்து, பெட்டியை எடுத்து, மேலே சுற்றியிருந்த தாளைக் கிழித்தாள். பிறகு பெட்டியை அவன் கையில் வைத்தாள்.

"புதுசா வர்றவர் வெறுங்கையோட வரக் கூடாது. இது முதல் பாடம். இந்தாங்க, நீங்களே கொடுங்க. இவர்தான் நம்ம புதுத் தலைவர்."

டோன்காவின் முகம் செத்துப்போனது. ஆனால் மற்றவர்கள் எடுத்தார்கள். நீட்டிய பெட்டியை மறுப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதோடு, சம்பளக் கடிதத்தில் இனி யார் கையெழுத்துப் போடுவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாழ்த்துகள், வாழ்த்துகள் என்று ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவளே தேடிப் பிடித்து, அவளே கற்றுக்கொடுத்தவர்கள். டோன்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்க டோன்கா" என்றாள் ருமியானா. "உனக்கும் இவர்தான் மேலதிகாரி."

"எனக்கு இனிப்பு ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டு, டோன்கா விறுவிறுவென்று இயந்திரங்களின் பக்கம் போய்விட்டாள்.

ஸ்திலியான் நல்ல பையன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும், அவன் பணிவாக அவளிடம் பெட்டியை நீட்டினான்.

"நீங்க இன்னும் எடுத்துக்கலையே, மேடம்."

ருமியானா ஒன்றை எடுத்தாள். அவன் பெட்டியை மூடாமல் காத்திருந்தான். அவள் இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை.

"வாழ்த்துகள்" என்றாள்.