நெருப்பு வெளுக்கும்வரை

கொழுப்பு தணலில் சொட்டும்போது 'சுர்' என்று ஒரு சின்ன ஓசை எழும். ஒரு மூச்சு தாமதித்து, அதற்குப் பின்னால் வாசனை வரும். இந்த வரிசையை நான் அறிந்துகொண்டது ஜவ்வாது மலையில், காவலூருக்கு அருகே ஒரு கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்தில், என் ஒன்பதாவது வயதில். வானாராய்ச்சிக் கூடம் அப்போது அங்கே வந்திருக்கவில்லை. ஆலங்காயத்தோடு பஸ் நின்றுவிடும். மீதி வழி நடைதான்.

நாங்கள் வாணியம்பாடிக்காரர்கள். அத்தா மலைவாசிகளிடம் கடுக்காய் வாங்கித் தோல் பதனிடும் 'ஷாப்பு'களுக்கு அனுப்பி வந்தார். அந்த ஆண்டு என் அக்கா நூர்ஜஹானுக்கு விஷக் காய்ச்சல் வந்து போயிருந்தது. காய்ச்சல் போயிற்று, பசி திரும்பவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் வளையல் முழங்கைவரை தடையில்லாமல் ஏறியது. பத்தியம் முடிந்தது, இனி இவள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் அத்தாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அம்மா, நேராக அடுப்படிக்குப் போனாள்.

மலைக்காற்றாவது பசியைக் கிளப்பட்டும் என்று, அத்தாவுக்குப் பழக்கமான காளி என்ற விவசாயியின் காலிக் குடிசைக்கு அக்காவை டோலி கட்டித் தூக்கிப் போனோம். அங்கும் நான்கு நாள் கஞ்சியைத் தள்ளிவிட்டாள். ஐந்தாம் நாள், யாரும் கேட்காமலே, "சுட்ட கறி இருந்தா துண்ணுவேன்" என்றாள்.

அத்தா அன்றே கீழே இறங்கினார். மறுநாள் முற்பகல், ஈரத்துணியில் சுற்றிய ஆட்டுத் தொடையோடும், அம்மாவின் தம்பியான எங்கள் மாமுவோடும் திரும்பி வந்தார். ஊர்க் கல்யாணங்களில் கபாப் மாமுவின் பொறுப்பு. இரும்புக் கம்பிகளை வேறு யாரையும் தொட விடமாட்டார். கறியைப் பப்பாளிக்காய் விழுது, இஞ்சி, மிளகு தடவி ஊறவைத்து, ஆறு கம்பிகளுக்கு வரும் என்று கணக்குச் சொன்னார்.

கறியில் குறை ஒன்றுமில்லை. குறை நெருப்பில் இருந்தது. கல்யாண வீட்டில் கரிக்கடை மூட்டை வந்து இறங்கும். பையன்கள் விசிறிச் சிவக்க வைத்த பிறகுதான் மாமு மணை போட்டு உட்காருவார். அவருக்குத் தெரிந்த நெருப்பு, ஏற்கெனவே தணலாகிவிட்ட நெருப்பு. மலையில் கரிக்கடை இல்லை. முந்தின நாள் மழையில் நனைந்த சுள்ளி பிடிக்காமல் புகைந்தது. சிமினி விளக்குக்கு வைத்திருந்த சீமெண்ணெயை அதன் தலையில் கவிழ்த்தார். தீ இடுப்பளவு எழுந்தது. அதன் மேலேயே நான்கு கம்பிகளை நீட்டினார். வெளியே கரியாகவும் உள்ளே சிவப்பாகவும் வந்த கறியிலிருந்து ஒரு துண்டை அம்மா ஊதி அக்காவின் வாயருகே கொண்டுபோனாள். அக்கா மூக்கைச் சுளித்து, "வெளக்கு வாசன அடிக்குது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மாமுவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். கம்பியைத் துணியால் துடைத்தார். துடைத்த கம்பியையே மறுபடியும் துடைத்தார். இரண்டு கம்பிக்குத்தான் கறி மிச்சமிருந்தது.

களையெடுத்துக்கொண்டிருந்த காளியின் மனைவி வெள்ளச்சி புகையைப் பார்த்து வந்தாள். "இன்னா சாயபு, கறிக்குத் தீ வெச்சீங்களா, காட்டுக்கே வெச்சீங்களா?"

"கரி இல்லாம நான் இன்னா பண்றது? இங்க கரி எங்க கெடைக்கும்?"

"கரி இன்னா மரத்துலயா காய்க்கும்? எரிஞ்சி அடங்குனா கரிதான். நீங்க எரியறப்பவே கறியக் காட்டுறீங்க."

அடுத்து எரிக்கவென்று மாமு பொறுக்கி வைத்திருந்த கட்டைகளைப் பார்த்தவள், அதில் ஒன்றைக் குச்சியால் தள்ளிவிட்டாள். "இது சேராங்கொட்டை மரம். இந்தப் புகை பட்டா நாளைக்கு உங்க மூஞ்சி வீங்கி உங்க வூட்லயே அடையாளம் தெரியாது." பிறகு, சீமெண்ணெய் குடித்த மண்ணில் இனி எதுவும் ஆகாது என்று பத்தடி தள்ளி மூன்று கல் வைத்து, தன் வீட்டுப் பரணிலிருந்து காய்ந்த புளியங்கட்டை கொண்டுவந்து மூட்டினாள்.

அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. அதுதான் கடினமாக இருந்தது. மாமு இரண்டு தடவை கம்பியை எடுத்தார். இரண்டு தடவையும், "வைங்க கீழ, நெருப்பு வெளுக்கட்டும்" என்று வெள்ளச்சி அதட்டினாள். குடிசை வாசலில் அம்மா, "அதுக்குள்ள வேணான்னுடுவாளே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட வாய் மறுபடி மூடிக்கொண்டால் அடுத்து என்ன என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

கொல்லையோரத்து மரத்தின் நிழல் குடிசைச் சுவரைத் தொட்டபோது சுவாலை முழுக்க அடங்கி, கங்குகளின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது. வெள்ளச்சி தணலுக்கு மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்து, மாமுவையும் காட்டச் சொன்னாள். "இப்ப உங்க வேலையப் பாருங்க" என்று கொல்லைக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தச் 'சுர்' கேட்டது. மாமு ஊதவுமில்லை, அவசரப்பட்டுப் புரட்டவுமில்லை. ஒரு பக்கம் தானாகக் கம்பியை விட்டு இளகும்வரை விட்டுவைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அக்கா புரண்டு இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

பதினொரு துண்டு சாப்பிட்டாள். நான் எண்ணினேன். மிஞ்சிய ஒரே துண்டான பன்னிரண்டாவதை அம்மா என் பக்கம் நீட்டப்போனபோது அக்கா வாயைத் திறந்தாள். அம்மாவின் கை வழியிலேயே திரும்பிவிட்டது. மாமு எழுந்து கொல்லைக்குள் கொஞ்ச தூரம் நடந்து, முதுகைக் காட்டி நின்றார்.

மாமு இப்போது இல்லை, வெள்ளச்சியும் இல்லை. காளியின் கொல்லையை அறுத்துக்கொண்டு தார்ச்சாலை போகிறது. கடுக்காய்க்காக எங்கள் ஊரிலிருந்து இப்போது யாரும் மலையேறுவதில்லை.

போன மாதம் அக்கா வீட்டு மாடியில் பேரப்பிள்ளைகள் இரும்பு அடுப்பு வைத்துக் கோழி சுட்டார்கள். ஒருவன் ஏதோ பாட்டிலைத் திறந்து கரியின் மேல் ஊற்றப்போனபோது, நாற்காலியில் இருந்த அக்கா, "ஏய், அத்த மூடி வைடா. நெருப்பு வெளுக்கட்டும்" என்றாள். எல்லோரும் சலித்துக்கொண்டே காத்திருந்தார்கள். முதல் கம்பி இறங்கியதும் தட்டு அவளிடம்தான் போயிற்று. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"துண்ணுடி. அன்னைக்கு நீ ஒண்ணுகூட துண்ணல."

அறுபது ஆண்டுகளாக அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை. வாங்கித் தின்றேன். ஓரம் சற்றுக் கருகியிருந்தது, நான் சொல்லவில்லை.